உதவி வீடியோவால் வளர்ந்த சனலை ஊடக நிறுவனமாக்குவது எப்படி?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் விளங்கிக்கொள்ளும்படி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 24 வயது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்து, இப்போது களுவாஞ்சிகுடியில் இருந்தபடி ஒரு யூடியூப் சனலை மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறீர்கள். வறிய குடும்பங்களைத் தேடிப் போய் அவர்களின் நிலையைக் காட்டுவதும், கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் அனுப்பும் பணத்தை அவர்களிடம் சேர்ப்பதுமாகவே அந்தச் சனல் வளர்ந்திருக்கிறது. வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு தாயின் கொட்டிலுக்கு முன் நின்று எடுத்த வீடியோதான் இதுவரை அதிகம் பேர் பார்த்தது. இதை முறையான ஓர் ஊடக நிறுவனமாக்க வேண்டும், அறப்பணியையும் கைவிடக் கூடாது, எந்த வழியில் போகலாம் என்று கேட்கிறீர்கள்.

இரண்டு வேலையையும் ஒரே மனிதர் செய்யலாம். ஒரே பணப்பையிலிருந்து செய்யக் கூடாது என்பதே என் பதில். ஊடகம் தன் தொழிலால் சம்பாதித்துத் தன் காலில் நிற்க வேண்டும். உதவிப் பணம் வேறோர் அமைப்பின் பெயரில், வேறு சிலரின் கையொப்பத்தோடு, வேறு கணக்கில் நடமாட வேண்டும். உதவி பெறுகிறவரின் முகம் ஊடகத்தின் முதலாக இருக்கக் கூடாது. மட்டக்களப்பில் 20 ஆண்டுக்கு மேல் பிராந்திய செய்தியாளராக ஓடித் திரிந்து, அதன்பின் ஊரின் நலன்புரிச் சங்கமொன்றில் பொருளாளராகக் கணக்குப் புத்தகம் எழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஊடகமும் அறப்பணியும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது புதிய காலத்துப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நம்மவரிடம் அது 19 ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து அச்சகம் வைத்தார். அப்போது அவருக்கு உங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. அதே மனிதர்தான் பிற்காலத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை வழக்கறிஞராக இருந்துகொண்டே 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்தார். முஸ்லிம் பிள்ளைகளுக்கான பாடசாலைகளுக்காகவும் அந்தக் காலத்திலேயே பாடுபட்டார். நம் மண்ணுக்கே வருவோம். 1892 இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து ‘இராமகிருஷ்ண விஜயம்’ என்ற தமிழ் இதழுக்கும் ‘வேதாந்த கேசரி’ என்ற ஆங்கில இதழுக்கும் ஆசிரியராக இருந்தவர். கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது அவர் முயற்சியால்தான். இந்த மூவரிலும் நான் கவனிப்பது ஒன்றுதான். அவர்களுடைய இதழும் நூலும் அறிவைச் சுமந்தன, படிக்கத் தகுந்தவை என்பதற்காக வாசிக்கப்பட்டன. பாடசாலைப் பிள்ளையின் வறுமையை வாரந்தோறும் அச்சிட்டு அதனால் இதழை வளர்த்தவர் அவர்களில் எவருமில்லை.

உங்கள் சனல் ஏன் உதவி வீடியோவின் பக்கமே சாய்ந்தது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது உங்கள் குணத்தால் மட்டும் நடந்ததன்று. யூடியூப்பில் ஒரு சனல் விளம்பர வருமானம் பெற 1,000 சப்ஸ்கிரைபர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் சோர்ட்ஸ் எனப்படும் குறும் வீடியோக்களுக்கு ஒரு கோடிப் பார்வை வேண்டும். அதைத் தாண்டிய பின் நீண்ட வீடியோவின் விளம்பரத்தில் 55 சதவீதம் சனலுக்கு வரும், சோர்ட்ஸில் 45 சதவீதம். கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள். இதில் முக்கியமான விடயம், விளம்பரத்தின் விலை பார்க்கிறவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. கனடாவில் ஒருவர் பார்ப்பதும் களுதாவளையில் ஒருவர் பார்ப்பதும் சனலுக்கு ஒரே வருமானத்தைத் தருவதில்லை. ஆகவே, வெளிநாட்டில் இருக்கும் நம்மவரை இருத்திப் பார்க்க வைக்கும் வீடியோவே லாபமாகிறது. ஊரைவிட்டுப் போன மனதை இருத்தி வைப்பது எது? ஊரில் அழும் ஒரு தாயின் முகம். அந்த ஒரே வீடியோவில் விளம்பரப் பணமும் வருகிறது, நன்கொடையும் வருகிறது, நல்லவர் என்ற பெயரும் வருகிறது. மூன்றும் ஒன்றாக வரும் வழியைக் கண்டபின் வேறு வீடியோ எடுக்க மனம் போகாது. அடுத்த மாதம் இதைவிடத் துயரமான ஒரு வீட்டைத் தேட வேண்டியிருக்கும். வீடியோவின் முகப்புப் படமான தம்நெயிலில் கண்ணீர் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டியிருக்கும். நல்ல பிள்ளைகள் பலர் தங்களை அறியாமலே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

படம் எடுக்கப்பட்டவர் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். படுவான்கரைக் கிராமம் ஒன்றில், கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு பெண்ணுக்கு வீடு திருத்த ஐந்து லட்சம் ரூபா கொடுத்ததாக ஒரு சனல் வீடியோ போட்டது. பெயரையும் ஊரையும் சொன்னது, பணக்கட்டைக் கையில் கொடுப்பதையும் காட்டியது. நம் பக்கத்துப் பெண்கள் நுண்கடனில் எப்படி அகப்பட்டிருக்கிறார்கள் என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்பது நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சியாக இருக்கும். வீடியோ வெளியான மூன்றாம் நாள், அவர் பெயரில் இருந்த கடனையும், அவர் பிணை நின்ற அயல் பெண்ணின் கடனையும் சேர்த்துக் கட்டச் சொல்லி ஆட்கள் வந்து நின்றார்கள். உண்மையில் அவர் கைக்கு முதலில் வந்தது அந்தத் தொகையின் ஒரு பங்கு மட்டுமே, மிச்சம் சாமானாக வரவிருந்தது. அதை யாரும் நம்பவில்லை. சொந்தக்காரர் கடன் கேட்டு வந்தார்கள், கொடுக்காதபோது பகைத்தார்கள். அரசு தரும் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவை வெட்ட வேண்டும் என்று ஊரில் ஒருவர் மனுவும் போட்டார். வீடு ஒருவாறு எழுந்தது, ஆனால் சங்கத்துக் கூட்டத்துக்கு வந்து அந்தப் பெண் சொன்ன வார்த்தை எனக்கு மறக்கவில்லை: “தகரத்துக்குக் கீழ இருந்தநேரம் என்னை ஆருக்கும் தெரியாது ஐயா.”

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, இலங்கையிலேயே அதிகமான உயிர்களை, 10,000ஐத் தாண்டிய உயிர்களை, அம்பாறை மாவட்டம்தான் இழந்தது; இங்கே கல்லடி, நாவலடி, திருச்செந்தூர்க் கரையும் அழிந்துபோனது. அந்த நாட்களில் பாடசாலைகளில் இருந்த முகாம்களுக்குப் போய், நிவாரணப் பொதியை வாங்கும் பிள்ளைகளை நானும் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பதாகை தெரிய வேண்டும் என்று கொடுப்பவர் கேட்டார், முகம் தெரிய வேண்டும் என்று நான் நினைத்தேன். அந்தப் பிள்ளையிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதில் ஒரு பெண்பிள்ளை இன்று ஆசிரியை. அந்தப் படம் இன்னும் எங்கேயாவது இருக்கிறதா சேர் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இனி வழிமுறைக்கு வருகிறேன். முதலில் ஊடகத்தை ஒரு தொழிலாகப் பதியுங்கள். தனியாள் வணிகமானால் உங்கள் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர்ப் பதிவு போதும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு அது நடந்துவிடும். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து முதல் போடுவதானால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்த் தனியார் கம்பனியாகப் பதிவதே நல்லது. யார் எத்தனை பங்கு, யார் விலகினால் சனலின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துவிட வேண்டும். கூட்டாகத் தொடங்கிய சனல்கள் முறிந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வரி செலுத்துநர் இலக்கத்தை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1,800,000 ரூபா வரை தனிநபர் வருமானத்துக்கு வரி இல்லை. அதற்குக் குறைவாக உழைத்தாலும் வரவு செலவுக் குறிப்பு ஒழுங்காக இருந்தால், பின்னாளில் வங்கிக் கடனுக்கோ விசாவுக்கோ போகும்போது அது உங்களுக்காகப் பேசும்.

அறப்பணிக்கு வேறு வீடு கட்டுங்கள். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் இயங்குவதானால் அங்கேயே சங்கமாகப் பதியலாம். பணி விரிந்தால், 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவதும், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவதும் உள்ளன. எந்த வடிவமானாலும் வங்கிக் கணக்கில் இரண்டு கையொப்பம் வேண்டும்; அதில் ஒன்றாவது உங்கள் வீட்டாரோ உங்கள் சனலில் சம்பளம் வாங்குபவரோ அல்லாத ஒருவருடையதாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், வங்கியில் வேலை செய்த ஒருவர், மாதர் சங்கத்தில் இருக்கும் ஒரு அக்கா என்று ஐந்து பேரை நிர்வாகத்துக்குச் சேருங்கள். உங்களுக்கு “முடியாது” என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவராவது அதில் இருக்கட்டும். எங்கள் சங்கத்தில் அப்படி ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர் இருந்தார். அவர் கையொப்பம் போட மறுத்த மூன்று வவுச்சர்கள் எங்களை மூன்று வில்லங்கத்திலிருந்து காப்பாற்றின.

வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாறும் உண்டியலில் பணம் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அனுப்புகிறவருக்கு அது இலேசு, உடனே வந்துவிடுகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் யார் அனுப்பியது, எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. நம் பகுதியில் வெளிநாட்டுப் பணத்துக்கு விளக்கம் சொல்ல முடியாமல் நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வங்கி வழியாக வரட்டும். 10 லட்சம் ரூபாவும் அதற்கு மேலுமான பணப் பரிமாற்றங்களை வங்கிகள் மத்திய வங்கியின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள நடைமுறை. கணக்கு நேராக இருப்பவருக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. நன்கொடையும் விளம்பர வருமானமும் உங்கள் சொந்தக் கணக்கில் கலந்து கிடந்தால்தான் பயம், ஏனென்றால் எது உங்கள் உழைப்பு, எது பிறரின் பணம் என்பதை நீங்களே நிரூபிக்க வேண்டி வரும்.

உதவிக்காகப் போகும் பெற்றோல் செலவு, கமராக்காரனின் நாள் சம்பளம் இவற்றை நன்கொடையிலிருந்து எடுக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். சாமான் ஏற்றி இறக்கும் செலவை எடுக்கலாம், அதை நன்கொடையாளரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால். கமராச் செலவை ஒரு சதமும் எடுக்கக் கூடாது. கமரா உங்கள் தொழிலின் கருவி, அதன் செலவைத் தொழிலே தாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். பயனாளியின் பெயர் தேவையில்லை. “போரதீவுப்பற்று, ஒரு குடும்பம், மலசலகூடம், இவ்வளவு ரூபா” என்றாலே போதும். முழு விபரமும் பற்றுச்சீட்டும் சங்கத்தின் கோவையில் இருக்கட்டும், பணம் தந்தவர் கேட்டால் அவருக்குக் காட்டுங்கள்.

அப்படியானால் சனல் எதை வைத்துப் பிழைப்பது? உங்கள் உண்மையான கேள்வி இதுவாகத்தான் இருக்கும். மட்டக்களப்பில் ஓர் இளம் ஊடக நிறுவனத்துக்கு யூடியூப் விளம்பரத்தை மட்டும் நம்பி நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பது கடினம். கோவில் சடங்கின் நேரலை, திருமண வீட்டு வீடியோ, பாடசாலை விழா, கடைகளுக்கும் விவசாய நிறுவனங்களுக்கும் செய்யும் விளம்பரம், பிற அமைப்புகளுக்கான பயிற்சிக் காணொளி, இவைதான் முதல் ஐந்தாண்டுக்கும் சோறு போடும். நேரலைக்கு ட்ரோன் பறக்க விடுவதானால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் இல்லாமல் விடாதீர்கள். வேலைக்கு வைக்கும் பிள்ளைகளுக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், அவர்கள் பங்கு 8, அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உங்கள் 3 சதவீதம் என்று முதல் மாதத்திலிருந்தே கட்டுங்கள். ஊரில் தர்மம் செய்துகொண்டு, எடிட்டிங் செய்கிற பிள்ளைக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருப்பவர்களை நான் அறிவேன். அறப்பணி என்று ஒருவர் சொல்வதை அளக்க நான் முதலில் பார்ப்பது அவருடைய சம்பளப் புத்தகத்தைத்தான்.

சனலின் உள்ளடக்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் எந்தக் கிராமத்து வீதி எத்தனை மணிநேரத்தில் மூழ்கும் என்பதைத் தமிழில் ஒழுங்காகச் சொல்ல ஓர் ஊடகம் இல்லை. மார்கழி மழைக்கு முன்பே அதைத் தயாரித்து வைத்தால், வெள்ளத்தில் மா, விசுக்கோத்துப் பொதி கொடுப்பதைவிட அது பெரிய தர்மம். பெரும்போக அறுவடைக் காலத்தில் வயல் வட்டைக்குள் வந்து நிற்கும் வியாபாரி ஈர நெல்லுக்கு என்ன விலை சொல்கிறார், அடுத்த ஊரில் என்ன விலை போகிறது என்பதை நாள்தோறும் சொல்லுங்கள். வயல் சொந்தக்காரரான போடியாருக்கும் குத்தகைக்கு விதைத்தவருக்கும் அது காசு. யானை இறங்கும் கிராமங்களின் இரவு எப்படி இருக்கிறது என்பதை அங்கேயே பிறந்த நீங்கள் காட்டுவதுபோல் கொழும்பிலிருந்து வரும் எவரும் காட்ட முடியாது. கூத்தின் வடமோடியும் தென்மோடியும் முழு இரவு ஆடத் தெரிந்த, கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அரங்கேற்றத்தின் மூன்று நிமிடத் துண்டு எல்லோரிடமும் இருக்கிறது, விடிய விடிய ஆடிய கூத்தின் தெளிவான முழுப் பதிவு அபூர்வம். வைகாசியில் நடக்கும் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கின் பாடல்களும் அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கும் நம்மவரும் இவற்றைப் பார்ப்பார்கள். மெல்லச் சேருவார்கள், ஆனால் சேர்ந்தவர்கள் தங்குவார்கள். காத்தான்குடியையும் ஏறாவூரையும் கல்முனையையும் உங்கள் ஊடகம் வேற்றூராகப் பார்க்காமல் இருந்தால், பார்வையாளரும் விளம்பரதாரரும் இரட்டிப்பாவார்கள். அதைவிட, இந்த மாவட்டத்துக்கு மிகவும் தேவையான ஒரு வேலையும் நடக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரில் ஊடகம் என்ற சொல்லுக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. ‘வீரகேசரி’ செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 ஆம் திகதி காலையில் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பு மண்ணின் மகனான தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் இறுதியில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அன்று எங்களிடம் நல்ல கமரா இல்லை, வாகனம் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. எழுதிய செய்திக்கு இத்தனை ரூபா என்றுதான் வரும். ஆனாலும் “பேப்பர்காரர் வந்திருக்கிறார்” என்றால் சனம் கதவு திறந்து உண்மையைச் சொன்னது. அந்தக் கதவு இன்று கமராவைக் கண்டதும், என்ன தருவீர்கள் என்று கேட்கிறதென்றால், அல்லது சாத்திக்கொள்கிறதென்றால், அது உங்கள் தலைமுறையின் தொழிலுக்கு விழுந்த அடி.

முகத்தைப் பற்றிய என் நிலைப்பாட்டில் விட்டுக்கொடுப்பு இல்லை. பிள்ளைகளின் முகம், நோயாளியின் மருத்துவ அறிக்கை, வீட்டின் உட்புறம், பெண்ணின் பெயரோடு சேர்ந்த கடன் விபரம், இவற்றில் ஒன்றையும் காட்ட வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் பிள்ளைகள் பற்றிய தரவையும் தனிக் கவனம் வேண்டிய வகையிலேயே வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். “அவர் சம்மதித்தார்தானே” என்று சிலர் கேட்பார்கள். பசியோடு இருப்பவரிடம் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கும் சம்மதத்தை நான் சம்மதமாக எடுப்பதில்லை. உதவி முழுவதும் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கழிந்த பின், இனி உங்களிடமிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்த நிலையில், தன் கதையை ஊருக்குச் சொல்ல ஒருவர் தானாக விரும்பினால் அப்போது எடுங்கள். அதையும் அவர் பார்த்த பின்பே வெளியிடுங்கள்.

பார்வை குறையும். இந்த முறைக்கு மாறினால் முதல் ஆறு மாதத்தில் உங்கள் வியூஸும் நன்கொடையும் சரியத்தான் செய்யும், முகத்தைப் பார்த்தே பணம் அனுப்பிப் பழகியவர்களில் சிலர் போய்விடுவார்கள். அந்த நாட்களைத் தாண்டுவதற்குத்தான் கல்யாண வீட்டு வேலையையும் கோவில் நேரலையையும் முன்கூட்டியே பிடித்து வைக்கச் சொல்கிறேன். தொழில் நின்ற பின், ஆண்டு லாபத்தில் ஒரு பங்கை, பத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கம்பனியே சங்கத்தின் கணக்கில் போடட்டும். உங்கள் கையால் உழைத்ததிலிருந்து போகும் முதல் 10,000 ரூபாவை, பிறர் தந்து நீங்கள் பங்கிட்ட பத்து லட்சத்தைவிடப் பெரிதாக நான் மதிப்பேன்.

பதிவு, வங்கி, சங்கம் எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. பழைய வீடியோக்களின் பட்டியலை எடுங்கள். கமரா இல்லாமல், கையில் ஒன்றும் கொண்டு போகாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் போய் இருந்து, இது இன்னும் இருக்கட்டுமா, எடுத்துவிடவா என்று கேளுங்கள். எடுக்கச் சொன்னால் அங்கேயே, அவர் கண்ணுக்கு முன்னாலேயே, தொலைபேசியில் அழித்துக் காட்டுங்கள். வெல்லாவெளித் தாயின் வீட்டுக்கு முதலில் போங்கள்.